காதுக்கு ஏறிய குதிரைத்திறன்

கோயம்புத்தூரில் கார் ஆக்சசரீஸ் கடை எதிலாவது நுழைந்து, "வண்டி பிக்கப் கொஞ்சம் போதலை" என்று சொல்லிப் பாருங்கள். கண்ணாடி அலமாரியிலிருந்து சிவப்புக் கூம்பு ஒன்று மேசைக்கு இறங்கி வரும். எண்ணெய் ஊறிய பருத்தித் துணியைக் கம்பி வலைக்குள் மடித்து வைத்த ஏர் ஃபில்டர். கூடவே ஒரு பைப், இரண்டு கிளாம்ப். கம்பெனி பொருத்திக் கொடுத்த கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றி ஓரம்கட்டிவிட்டு, பானட்டுக்கு அடியில் கூம்பை மூடியில்லாமல் உட்கார வைத்துவிடுவார்கள். அரைமணி நேர வேலை. பவர் கூடும், மைலேஜ் கூடும், சத்தம் அள்ளும் என்பது உத்தரவாதம். சத்தத்தைப் பொறுத்தவரை கடைக்காரரோடு எனக்குச் சண்டையே இல்லை. மற்ற இரண்டையும் தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பவர். 2021இல் வந்த மாருதி ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது, 6000 ஆர்.பி.எம்.மில் 90 குதிரைத்திறன். அந்த வேகத்தில் அந்தச் சின்ன எஞ்சின் நிமிடத்துக்கு 3000 லிட்டருக்கு மேல் காற்றைக் குடிக்கிறது. காகித ஃபில்டர் குறுக்கே நிற்கிறது; அதைத் தாண்டி வர எஞ்சின் மூச்சிழுத்தாக வேண்டும் என்பது வாதம். வாதம் தவறில்லை. ஆனால் அந்தத் தடை எவ்வளவு? புதுக் காகித ஃபில்டர் முழு வேகத்தில் 1 கிலோபாஸ்கல் அழுத்தத்தைத் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 100 கிலோபாஸ்கல். புதுக் கூம்பு அந்தத் தடையைப் பாதியாக்கினாலும் கிடைக்கும் லாபம் அரை சதவீதம். 90 குதிரையில் அரைக் குதிரைகூட இல்லை. தடையை அடியோடு இல்லாமல் செய்தாலும் ஒரு குதிரை. அதுவும் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்து 6000ஐத் தொடும்போது மட்டும். அவிநாசி சாலையில் ஆர்.பி.எம். முள் 6000ஐத் தொடும் நேரம் ஒரு நாளில் எத்தனை நொடி?

அடுத்து நஷ்டக் கணக்கு. நாம் கழற்றி வைத்த கறுப்புப் பெட்டியின் வாய் எங்கே இருந்தது என்று பாருங்கள். பெரும்பாலான கார்களில் முன் கிரில்லுக்குப் பின்னால், வெளிக்காற்று வந்து மோதும் இடத்தில் இருக்கும். திறந்த கூம்போ ரேடியேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் வேகவைத்த பானட் காற்றைக் குடிக்கிறது. மே மாதத்து சிக்னலில் அந்தக் காற்று எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காற்றின் சூடு 3 டிகிரி ஏறினால் அடர்த்தி ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். ஆகவே 15 டிகிரி கூடுதல் சூட்டில் 5 சதவீதம் போயிற்று. சிலிண்டருக்குள் போகும் வழியெல்லாம் காற்று எப்படியும் சூடாகத்தானே செய்கிறது என்று கடைக்காரர் பக்கம் நின்று தாராளமாகப் பாதியைக் கழித்துவிட்டாலும், இரண்டு குதிரை நஷ்டம். அரை வாங்க இரண்டு கொடுத்த கதை. போதாக்குறைக்கு, சூடான காற்றில் நாக்கிங் வரும் என்று எஞ்சினின் கணினியான ஈ.சி.யூ. ஸ்பார்க்கைத் தள்ளிப் போட்டால் அது தனி நஷ்டம். வண்டி ஓடும்போது பானட்டுக்குள் காற்று புகுந்து சூடு தணியும், உண்மைதான். அப்போதும் பழைய பெட்டி குடித்ததைவிடக் குளிர்ந்த காற்று இதற்குக் கிடைக்கப் போவதில்லை.

அப்படியென்றால் மாட்டியவர்கள் எல்லாரும் "வண்டி பறக்குது" என்கிறார்களே, பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. 40,000 கிலோமீட்டர் ஓடி மண்ணடைத்துப்போன ஃபில்டரைக் கழற்றிவிட்டுத்தான் பலரும் புதுசை மாட்டுகிறார்கள். சில நூறு ரூபாய் காகித ஃபில்டரைப் புதிதாகப் போட்டிருந்தாலும் வண்டி அப்படியே துள்ளியிருக்கும். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட சோதனையில் இதைப் பார்க்கலாம். அடைத்த ஃபில்டரை எடுத்துவிட்டுச் சுத்தமானதைப் போட்டதும் சோதித்த வண்டிகளின் வேகமெடுப்பு கூடியது.

மைலேஜ் வாக்குறுதியைச் சாய்ப்பதும் அதே சோதனைதான். ஃபில்டர் அடைத்திருந்தபோதும் ஃபியூயல் இஞ்செக்‌ஷன் கார்களின் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டியில்தான் குறைந்தது. காரணம் எளிது. பெட்ரோல் காரில் சாதாரண ஓட்டத்தில் காற்றை மறிப்பது ஃபில்டர் அல்ல, த்ராட்டில் தகடு. நாம் மெல்ல மிதிக்கிறோம் என்றாலே காற்றுக்குக் கதவைச் சாத்துகிறோம் என்றுதான் பொருள். பாதி சாத்திய கதவுக்கு வெளியே வாசலை அகலப்படுத்தி என்ன பிரயோசனம்? உள்ளே வந்த காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலை அளந்து ஊற்றும் வேலையை ஈ.சி.யூ. பார்த்துக்கொள்கிறது. அடைத்த ஃபில்டருக்கே மைலேஜ் அசையவில்லை. புது காகிதத்துக்கும் புது துணிக்கும் இடையிலா அசையப் போகிறது?

டீசல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டீசல் எஞ்சினில் எரியத் தேவையானதைவிடக் கூடுதலாகவே காற்று எப்போதும் இருக்கிறது. பவரைத் தீர்மானிப்பது ஊற்றும் டீசல். மேலும் காற்றைக் கொட்டி மட்டும் ஆவதொன்றும் இல்லை.

இனி தூசி. இந்தத் தலைப்பில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஏர் ஃபில்டரின் முதல் வேலை காற்றை விடுவதல்ல, மண்ணை மறிப்பது. சாலைப் புழுதியின் பெரும்பகுதி சிலிக்கா. எஞ்சினின் பல உலோகங்களைவிடக் கடினமான பொருள். தலைமுடியின் தடிமனைவிடச் சில மடங்கு சிறிய துகளே பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் உப்புத்தாளாக மாறிவிடும். விளம்பரங்களில் 99 சதவீதம், 97 சதவீதம் என்று போடுவார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாததுபோலத் தோன்றும். திருப்பிப் படித்துப் பாருங்கள். ஒன்று நூற்றுக்கு ஒரு பங்கு மண்ணை உள்ளே விடுகிறது, மற்றது மூன்று பங்கை. எஞ்சின் மூன்று மடங்கு மண் தின்கிறது. ஐ.எஸ்.ஓ. 5011 என்று ஃபில்டர்களைச் சோதிக்க ஒரு தர முறையே இருக்கிறது. அதன்படி எடுத்த எண்ணைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கடைக்காரர் பேச்சை எக்ஸாஸ்ட் பக்கம் திருப்பிவிடுவார். 1969இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் தொடங்கிய கே அண்ட் என் போன்ற பெயருள்ள கம்பெனிகளின் சரக்கு ஒரு ரகம். அதே சிவப்பில், பெயரில் ஓரெழுத்தை மாற்றி, கால் விலைக்கு வரும் கூம்பு வேறு ரகம். அதன் ரப்பர் விளிம்பு பைப்போடு சரியாக உட்காராமல் மயிரிழை இடைவெளி விட்டாலும், ஃபில்டர் இருந்தும் இல்லாத கதைதான்.

துணி ஃபில்டரைக் கழுவி, காயவைத்து, மறுபடி எண்ணெய் போட வேண்டும். கை தாராளமானால் அந்த எண்ணெய் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து அளவைப் பிசகடிக்கும். கை சுருங்கினால் மண் புகும். பழைய ஜீப், டிராக்டர்களில் ஆயில் பாத் கிளீனரைக் கழுவிப் பழகிய கைகள் இதைச் சரியாகச் செய்யும். நம்மில் எத்தனை பேர்?

குளிர்ந்த காற்றைத் தேடிப் பைப்பை நீட்டி, கூம்பைப் பம்பருக்குக் கீழே இறக்கும் கிட்களும் உண்டு. சூட்டுக் குறை தீரும், தண்ணீர்க் குறை பிறக்கும். 2015, 2023 டிசம்பர்களில் சென்னைத் தெருக்கள் எப்படி நின்றன என்று நமக்குத் தெரியும். ஒரு மடக்குத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் போதும். தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் இருக்கிறது. செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயம் ஓட்டுகிறவர் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருப்பவர். கால் நொடிக்காக ரிங்கைப் பலிகொடுப்பது அவருக்குக் கட்டும். டர்போ பெட்ரோல் வண்டியின் ஈ.சி.யூ. கணக்கை மாற்றி எழுதி, அதாவது ரீமேப் செய்து, பூஸ்ட்டை ஏற்றியவருக்குக் கம்பெனிப் பாதை உண்மையிலேயே குறுகலாகிவிடலாம். அவர் மூடிய பெட்டிக்குள் அமைந்த, முன்பக்கக் காற்றை எடுக்கிற இன்டேக்கைப் போடலாம். ரீமேப் இல்லாத டர்போவிலோ, எவ்வளவு டார்க் தர வேண்டும் என்று ஈ.சி.யூ. முன்பே முடிவெடுத்து வைத்திருக்கிறது. வழி அகலமானால் அது பூஸ்ட்டைக் குறைத்துப் பழைய கணக்குக்கே வந்து நிற்கும்.

மிச்சம் சத்தம். கறுப்புப் பெட்டிக்குள்ளும் பைப் ஓரத்திலும் வெற்று அறைகள் தொங்கும்; பார்த்தால் எதற்கென்றே தெரியாது. எஞ்சின் மூச்சிழுக்கும் உறுமலை விழுங்கத்தான் அவை. கூம்பு மாட்டுவது என்றால் முன்பக்கத்துச் சைலன்சரைக் கழற்றுவது. உறுமல் கூடியதும் மூளை அதை வேகமாக எழுதிக்கொள்கிறது. அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும். மிதித்ததும் தொண்டை திறக்கிற அந்த ஒலிக்குக் காசு கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டொயோட்டா தன் 86 காரில் இன்டேக் ஒலியைத் தனிக் குழாய் வழியே கேபினுக்குள் கொண்டுவந்தது. ஃபில்டர் பெட்டியை உடைக்காமலேயே அதைச் செய்தது என்பதுதான் விஷயம்.

ஆகவே என் தீர்ப்பு: ஸ்டாக் எஞ்சின், தினசரி ஓட்டம், நம் ஊர்ப் புழுதி என்றால் திறந்த கூம்பு வேண்டாம். பழைய பெட்டிக்குள்ளேயே உட்காரும் துணி ஃபில்டரால் பெரிய கெடுதல் இல்லை, பெரிய நன்மையும் இல்லை. அந்தப் பணத்தில் பல வருடங்களுக்குக் காகிதம் வாங்கலாம். புழுதி அதிகமான பக்கம் ஓடுகிறவர்கள் சர்வீஸ் புத்தகம் சொல்லும் கிலோமீட்டருக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள் 5000 கிலோமீட்டர் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாம்பைத் தளர்த்தி, ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் பைப்பின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் செம்மண் ஒட்டினால், பரணில் போட்ட கறுப்புப் பெட்டியை அன்றே இறக்கிவிட வேண்டியதுதான்.