ஏல நாள் தீர்ப்பும் நாற்றங்காலும்

புரோ கபடி லீக்கின் வீரர் ஏலம் மும்பையில் நடக்கும். தமிழ் தலைவாஸ் அணி யாரை எடுத்தது, யாரை விட்டது என்ற தீர்ப்போ அன்றிரவே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே நாகர்கோவில் வடசேரியிலும் ஆரல்வாய்மொழியிலும் தேநீர்க் கடை பெஞ்சுகளில் எழுதி முடிக்கப்பட்டுவிடும். “அவ்வளவு காசக் கொண்டு ஒருத்தன்கிட்ட கொட்டிட்டானுவளேடே, கார்னர்ல ஆரு நிப்பா?” என்று ஒருவர் கேட்பார். “இந்த வருசம் கப்பு நமக்குத்தான் மக்கா” என்பார் இன்னொருவர். சென்னையில் வைத்து இந்த அணி ஆடிய ஓர் ஆட்டத்தைக்கூட நேரில் கண்டிராதவர்கள் இருவரும். ஆனாலும் அணியைத் தங்கள் ஊர்க் குழு போலவே நினைத்துப் பேசுகிறார்கள்.

இந்த ஏல நாள் விமர்சனத்தைப் பொழுதுபோக்கு என்று நான் ஒதுக்க மாட்டேன். ஓர் அணியைத் திரும்பக் கட்டும் வேலையில் ரசிகனுக்குக் கிடைக்கும் ஒரே பங்கு அது. அதில் கூர்மையும் இருக்கிறது, குருட்டுத்தனமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கபடிக்கு நல்லது.

முதலில், ரசிகர் மனம் ஏன் ஏலத்தில் இப்படிக் குவிகிறது என்று பார்க்கலாம். அமெரிக்கக் கூடைப்பந்தின் என்பிஏ லீக்கில் ‘டிராஃப்ட்’ என்றொரு முறை உண்டு. புதிதாக வரும் இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிந்தெடுக்கும். முந்தைய சீசனில் மோசமாகத் தோற்ற அணிகளுக்கே முதல் வாய்ப்பு கிடைக்கும்படி குலுக்கல் அமைக்கப்பட்டிருக்கிறது. 2019 முதல் கடைசி மூன்று இடங்களில் இருக்கும் அணிகளுக்குத் தலா 14 சதவீத வாய்ப்பு. பஞ்சாபிலிருந்து போன சத்னாம் சிங்கை 2015இல் டல்லஸ் மேவரிக்ஸ் 52ஆவது ஆளாக எடுத்தது இந்த முறையில்தான். தோற்ற அணியின் ரசிகனுக்கு அங்கே தோல்வியே ஒரு முதலீடு. கபடி ஏலத்தில் அந்த ஆறுதல் கிடையாது. கோப்பை வென்ற அணிக்கும் கடைசியில் நின்ற அணிக்கும் சம்பள உச்சவரம்பு ஒன்றுதான். 9ஆவது சீசனில் அது 4 கோடியே 40 லட்சம் ரூபாய். அடுத்த சீசனில் 5 கோடி. விழுந்த அணி எழ வேண்டுமானால் அந்தப் பணத்தை மற்றவர்களைவிடப் புத்தியோடு செலவழிக்க வேண்டும். அதனால்தான் ரசிகன் ஏல மேசையை அப்படி உற்றுப் பார்க்கிறான்.

அவன் பார்வைக்குத் தமிழ் தலைவாஸ் நிறையவே வேலை கொடுத்திருக்கிறது. 2017இல் லீக் 8 அணிகளிலிருந்து 12 அணிகளாக விரிந்தபோது வந்த அணி இது. கேப்டன் அஜய் தாக்கூர், 2016 உலகக் கோப்பை இறுதியில் ஈரானை வீழ்த்திய இந்திய அணியின் நட்சத்திரம். அந்த ஆண்டு தன் பிரிவில் கடைசி இடம். மறு ஆண்டு மன்ஜீத் சில்லர், ஜஸ்வீர் சிங் போன்ற பெரிய பெயர்கள் வந்தும் பிரிவில் கடைசி. 2019இல் ராகுல் சௌத்ரியை 94 லட்சம் கொடுத்து எடுத்தார்கள். ராகுல், அஜய், மன்ஜீத் என்று இந்தியாவுக்கு ஆடிய மூவர் ஒரே அணியில். கோப்பை கைக்கு வந்துவிட்டது என்றே பலரும் பேசினார்கள். 12 அணிகளில் 12ஆவது இடம் வந்தது.

அதன்பின் அணி பழைய பெயர்களை விட்டு இளைஞர்கள் பக்கம் திரும்பியது. சாகர், சாகில் குலியா, எம். அபிஷேக், அஜிங்க்யா பவார் போன்றோர் அடங்கிய அந்த அணி 8ஆவது சீசனில் 11ஆவது இடத்தில்தான் முடித்தது. ஆனால் இவர்களை அணி விட்டுவிடவில்லை. 2022 ஏலத்தில் அவர்களோடு சேர்க்க ரைடர் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தார்கள். லீக் வரலாற்றில் அதுவரை யாருக்கும் கிடைக்காத விலை. உச்சவரம்பில் பாதிக்கும் மேல். ரசிகர்களுக்கு அன்று தீபாவளி.

முதல் ஆட்டத்திலேயே, குஜராத்துக்கு எதிராக, பவன் முழங்காலில் அடிபட்டு விழுந்தார். சீசன் முழுவதும் திரும்பவில்லை. அத்தோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். இடையில் பயிற்சியாளரும் மாறினார். ஆஷன் குமார் பொறுப்பேற்றார். நரேந்தர் கண்டோலா என்ற அறிமுக இளைஞர் தனியாளாக 243 ரைடு புள்ளிகள் எடுத்தார். சாகரும் சாகிலும் கார்னரில் நின்று எதிரணியினரைக் கணுக்காலில் பிடித்தார்கள். எலிமினேட்டரில் யு.பி. யோதாஸோடு 36-36 என்று சமநிலை கண்டு, டைபிரேக்கரில் வென்று, அரையிறுதியில் புனேயிடம் வெறும் இரண்டு புள்ளி வித்தியாசத்தில், 37-39 என்று தோற்றார்கள். தலைவாஸ் முதன்முறையாக பிளே-ஆஃப் கண்டது, ஏல நாளில் நாம் கொண்டாடிய அந்த ஒரே ஆள் வெளியே உட்கார்ந்திருந்த சீசனில்!

ஏல நாள் தீர்ப்பின் பலமும் பலவீனமும் இந்த ஒரு சீசனில் தெரிகின்றன.

பலத்தை முதலில் சொல்கிறேன். நம் ரசிகனுக்குக் கபடி தொலைக்காட்சி கொடுத்த ஆட்டம் கிடையாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்துக் கிராமங்களில் கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் ஒட்டி நடக்கும் மின்னொளிக் கபடிப் போட்டிகளில், மண் தரையில் தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு போட்ட களத்தின் ஓரத்தில் குந்தியிருந்து கற்றது. பாடிப் போகிறவன் எந்தக் காலில் பாரத்தை வைக்கிறான், கவரில் நிற்பவன் ஒரு நொடி முந்தினால் என்ன ஆகும், சங்கிலி எங்கே அறும் என்பதெல்லாம் அவனுக்குப் பார்த்தே தெரியும். “கார்னர்ல ஆரு நிப்பா?” என்ற கேள்வி அந்த அறிவிலிருந்து வருவது. தொலைக்காட்சி வர்ணனை பெரும்பாலும் ரைடரையே சுற்றி வரும்போது, தேநீர்க் கடைப் பேச்சு பிடிப்பவர்களைப் பற்றியும் கேட்கிறது. 2019 அணியைப் பார்த்து, “மூணு யானையையும் ஒரே கொட்டில்ல கெட்டலாமா?” என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அவர்கள் சொன்னதுதான் நடந்தது.

இரண்டாவது பலம், நினைவு. அணியின் உரிமையாளர்கள் தமிழ்நாட்டில் வேரூன்றிய நிறுவனத்தார் அல்லர். பயிற்சியாளர்கள் வருவார்கள், போவார்கள். 2024 சீசனில் ஆட்டங்கள் ஐதராபாத், நொய்டா, புனே என்று மூன்று ஊர்களோடு முடிந்தன, சென்னையில் ஒன்றுகூட இல்லை. இத்தனை மாற்றத்துக்கு நடுவில் ‘தலைவாஸ்’ என்ற பெயருக்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறதென்றால், அதைச் சுமப்பவன் ரசிகன்தான். யாரை எப்போது விட்டார்கள், எதற்கு விட்டார்கள் என்று கணக்கு வைத்துக் கேட்பவன் அவன் ஒருவனே.

இனி பலவீனங்கள். முதலாவது, விலையைத் தரமாக எண்ணுவது. ஏல விலை என்பது ஒரு வீரனின் திறமையை மட்டும் அளப்பதில்லை. அந்த நிமிடத்தில் எத்தனை அணிகளிடம் பணம் மீதமிருந்தது, எத்தனை அணிகளுக்கு அதே இடத்தில் ஆள் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே அது அளக்கிறது. 2022இல் இரண்டே கால் கோடிக்கு மேல் போன அதே பவனைத் தலைவாஸ் 2025இல் 59 லட்சத்து 50 ஆயிரத்துக்குத் திரும்ப எடுத்தது. அர்ஜுன் தேஷ்வாலையும் 1 கோடியே 40 லட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்தது. “மலிவா கெடச்சிட்டு” என்று கடைகளில் ஒரே மகிழ்ச்சி. சீசன் தொடங்கிய சில வாரங்களில் ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி அணி பவனை வீட்டுக்கு அனுப்பியது. அவர் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தார். அந்தச் சீசனிலும் பிளே-ஆஃப் இல்லை. 2024இல் சச்சின் தன்வரை 2 கோடியே 15 லட்சம் கொடுத்து எடுத்தபோதும் இப்படித்தான் கொண்டாடினோம். அணி 9ஆவது இடம். விலை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் நாம் விலையைத்தான் பேசுகிறோம். ஏழு பேர் சேர்ந்து எப்படி நிற்பார்கள் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிவிடுகிறது.

இரண்டாவது, பொறுமையின்மை. இங்கே எனக்கு எதிராகவே ஒரு சான்றைச் சொல்ல வேண்டும். 9ஆவது சீசனின் அந்த இளம் அணியைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டுதான் தலைவாஸ் 10ஆவது சீசனில் இறங்கியது. 9ஆவது இடத்தில் முடித்தது. ஆக, கலைக்காமல் வைத்திருந்தால் மட்டும் வெற்றி வந்துவிடாது. ஆனால் அதற்கு மருந்தாக நாம் கேட்டது என்ன? இன்னொரு பெரிய பெயர். அணியும் அதையே கொடுத்தது. உச்சவரம்பில் நூற்றுக்கு 43 பங்கு சச்சின் என்ற ஒரே ஆளுக்குப் போனது. அரையிறுதி வரை போன அணிக்கு எங்கே ஓட்டை விழுந்தது, ரைடர் சோர்ந்தால் அடுத்துப் பாட யார் இருக்கிறார், மாற்று கவர் எங்கே என்று நிதானமாகக் கேட்டவர்கள் குறைவு. ரசிகரின் அவசரம் நிர்வாகத்தின் அவசரத்துக்குத் துணைபோனது.

மூன்றாவது, ‘நம்ம பையன்’ வாதம். இதை நான் கவனமாகவே தொடுகிறேன், ஏனென்றால் அதில் பாதி நியாயம். 2023 ஏலத்தில் மாசானமுத்து என்ற தமிழ் ரைடரை 30 லட்சத்துக்கு மேல் கொடுத்து எடுத்தபோது இந்தப் பக்கத்தில் ஏற்பட்ட மகிழ்ச்சி எனக்கும் உண்டு. சுடலையும் மாசானமும் காவல் நிற்கும் ஊர்க்காரனுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே சொந்தம் தோன்றும். ஆனால் அதோடு கோரிக்கை முடிந்துவிடுகிறது. பட்டியலில் நாலு தமிழ்ப் பெயர் இருந்தால் திருப்தி, இல்லையென்றால் கோபம். அந்த நாலு பேரும் எத்தனை ஆட்டம் பெஞ்சில் இருந்தார்கள் என்று சீசன் முடிவில் யாரும் எண்ணுவதில்லை. ஆள் இல்லாத மண்ணா இது? மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்று அர்ஜுனா விருது பெற்றவர். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன் பாட்னா அணிக்குக் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கியவர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணிகளில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் இருந்தார்கள். ஆள் உண்டு. அவர்களை இந்த அணியோடு இணைக்கும் பாதைதான் இல்லை.

அந்தப் பாதை எப்படி இருக்கும் என்பதற்குக் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே ஒரு சான்று இருக்கிறது, ஆட்டம் வேறு என்றாலும். மேற்குக் கடற்கரையில் தூத்தூர் தொடங்கிய மீனவக் கிராமங்களில் கால்பந்து ஊர் வழக்கம். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணியில் ஆடி, ஜாம்ஷெட்பூர் வழியாக ஏ.டி.கே. அணிக்குச் சென்று 2019-20இல் ஐ.எஸ்.எல். கோப்பை வென்றார். அவர் ஒவ்வோர் அணிக்கு மாறும்போதும் அந்தக் கடற்கரை மக்கள் சொன்ன கருத்து, கடல் மணலில் அவர் பந்து உருட்டிய நாள்முதல் கண்டதை வைத்துச் சொன்னது. 2020 நவம்பரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு அவர் வெளியேறியபோதும் அவர்கள் ஆளைக் கைவிட்டுவிடவில்லை. விலை வருமுன்பே ஆளைத் தெரிந்தவர்களுக்கு, விலையைக் கண்டு மயக்கமும் இல்லை, விழுந்ததைக் கண்டு வெறுப்பும் இல்லை.

சிறுவயதில் எங்கள் ஊர்க் குழு ஒரு சுழற்கோப்பைக்காக வெளியூரிலிருந்து மூன்று ஆட்டக்காரர்களை வண்டி வைத்து அழைத்து வந்தது. மூவருமே சூரர்கள். பத்து வருடம் சேர்ந்து ஆடிய பக்கத்து ஊர்க்காரர்களிடம் தோற்றோம். வீட்டுக்கு நடக்கும்போது ஒரு பெரியவர் சொன்னார்: “நாத்தங்கால் போடாம நடவுக்கு எறங்கினா, அடுத்தவன் வயல்ல போய் நாத்துக்குக் கையேந்தணும் மக்களே.”

அந்தப் பேச்சு இந்த மண்ணுக்கு உரியது. நாஞ்சில் நாட்டு வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ விளையும். ஒரு பூ பொய்த்தால் விவசாயி வயலை விற்றுவிடுவதில்லை. விதையைப் பார்க்கிறான், தண்ணீரைப் பார்க்கிறான், அடுத்த பூவுக்கு நாற்றங்காலைத் திருத்துகிறான். கபடி லீக்கிலும் அதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். ‘புதிய இளம் வீரர்கள்’ என்று தனிப் பிரிவே உண்டு. அணிகள் அவர்களை ஏலத்துக்கு வெளியே சேர்த்துப் பல சீசனுக்கு வைத்துக்கொள்ளலாம். நரேந்தர் வந்தது அந்த வழியில்தான். ஆனால் அந்தப் பட்டியல் வெளியாகும் நாளில் நம் தேநீர்க் கடைகளில் பேச்சே இருக்காது. கோடிகள் பேசப்படும் நாளில் மட்டும் கூட்டம் கூடும்.

ஏல நாளில் ரசிகர் பேசக் கூடாது என்பது என் கருத்து அல்ல. இன்னும் அதிகம் பேச வேண்டும், பேச்சின் பொருள் மாற வேண்டும். எத்தனை கோடி என்று கேட்குமுன், இந்த ஆள் யாரோடு சேர்ந்து நிற்பார் என்று கேட்கலாம். தமிழ்ப் பெயர் எத்தனை என்று எண்ணுமுன், மாவட்டங்களில் எத்தனை இடத்தில் அணி ஆள் தேடியது என்று கேட்கலாம். தீர்ப்பை அன்றிரவு எழுதாமல் மூன்று சீசன் கழித்து எழுதலாம். நம்மிடம் அதற்கான அறிவு இருக்கிறது. களத்தோரம் குந்தியிருந்து சேர்த்த அறிவு அது. அடுத்த இளம் வீரர் பட்டியல் வரும் நாளில் வடசேரிக் கடையில் யாராவது அதை உரக்க வாசித்து, “இவன் எந்த ஊருடே, கார்னரா கவரா?” என்று கேட்டால், அணியைக் கட்டும் வேலையில் நம் பங்கை நாம் செய்யத் தொடங்கிவிட்டோம் என்று நம்புவேன்.