பாட்டுக்கு முன்னால் ஒரு பாட்டு

கேசட்டில் எனக்குப் பிடித்தது, பாட்டு தொடங்குவதற்கு முந்தைய ஓரிரு விநாடிதான். ப்ளே பட்டனை அழுத்தினால் 'டக்'. உள்ளே ஹெட் நகர்ந்து நாடாவைத் தொடும். ரப்பர் உருளை அதைக் கவ்வும். பிறகு தூரத்து மழைபோல 'ஸ்ஸ்' என்று இரைச்சல். அதற்குள் காதைக் கொடுத்துக் கேட்டால், வரப்போகிற பல்லவியின் முதல் சொல் நாலு தெரு தள்ளியிருக்கும் கல்யாண வீட்டிலிருந்து வருவதுபோல ஒருமுறை கேட்டு அடங்கும். அப்புறம்தான் நிஜப் பாட்டு.

பேயுமில்லை, பிசாசுமில்லை. நாடா சுருண்டு கிடக்கும்போது ஒரு சுற்றின் காந்தப் பதிவு, ஒட்டியிருக்கும் அடுத்த சுற்றிலும் லேசாக ஏறிவிடும். 90 நிமிடக் கேசட்டில் நாடா மெலிசு என்பதால் இது இன்னும் அதிகம். "60 எடுத்துக்கோ தம்பி, 90 சிக்கும்" என்பார் ரெக்கார்டிங் கடைக்காரர். பாட்டு லிஸ்ட் நீளம், கையில் காசு கம்மி. 90-தான் வாங்குவோம்.

1963-இல் ஃபிலிப்ஸ் கேசட்டைக் கொண்டுவந்தபோது பேச்சைப் பதிய உதவும் என்றுதான் நினைத்தார்கள். நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் ஓடும். இரைச்சல் அதன் பிறவிக் குணம். அதைக் குறைக்க வந்த டால்பி பட்டனை நான் தொட்டதே இல்லை. என் ரசனை அப்படி.

பேட்டரி இறங்கினால் பாடகர் குரல் கட்டையாகி இழுபடும். பேட்டரியை வெயிலில் காயவைப்போம். ஆனால் பதியும்போது கரன்ட் போனால் கதை தலைகீழ். மோட்டார் தளர்ந்து நாடா மெதுவாகிற அந்தக் கணத்தில் பதிவானது, பின்னால் சரியான வேகத்தில் ஓடும்போது 'கீச்' என்று மேலேறி அறுந்துபோகும். ரேடியோவிலிருந்து எங்கள் டூ-இன்-ஒன்னில் நான் பிடித்த ஒரு பாட்டு, இரண்டாம் சரணத்தில் அப்படி அறுந்தது.

இப்போது அதே பாட்டு போனில் முழுசாக, பளிங்கு மாதிரி சுத்தமாக வருகிறது. இரண்டாம் சரணம் வந்ததும் காது அந்தக் 'கீச்'சுக்குக் காத்திருக்கிறது. பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. எனக்கு மட்டும் அந்த இடத்தில் வீடு இருட்டாகிவிடுகிறது. அடுப்படியில் அம்மா தீப்பெட்டியைத் தடவித் தேடுகிறாள்.