லாரியின் பின்புறமும் சிங்கப்பூர்ப் பயணக்கட்டுரையும்

சிங்கப்பூர்ச் சாலைகளைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பயணக்கட்டுரைகளுக்கு ஓர் அச்சு உண்டு. ஹாரன் சத்தமில்லை, எச்சில் இல்லை, பேருந்து நேரத்துக்கு வருகிறது, பலகையில் தமிழும் இருக்கிறது. கடைசியில் 'நம்மாளுக எப்பத்தான் திருந்துவாங்களோ' என்றொரு பெருமூச்சு. இந்தப் பெருமூச்சைத்தான் இங்கே கேள்விக்குட்படுத்த வேண்டியிருக்கிறது.

அந்த ஒழுங்கு மக்களின் குணத்தால் விளைந்ததல்ல. நகர மையத்துக்குள் கார் நுழைய 1975 முதல் கட்டணம்; 1998இல் அது மின்னணு வசூலானது. 1990 முதல் கார் வைத்திருக்கவே ஏலத்தில் உரிமம் எடுக்க வேண்டும். அதற்குப் பத்தாண்டு ஆயுள். காரின் பின்சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட்டாக வேண்டும். விலையும் சட்டமும் சேர்ந்து கட்டமைத்த ஒழுங்கு இது.

இதே சாலையில்தான் எங்கள் வன்னியம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் ஆறு வருஷம் கட்டட வேலைக்குப் போய்வந்தான். 'ரோடெல்லாம் எப்படிப்பா?' என்றேன். 'மாமா, லாரில பின்னாடி உக்காந்து போனா முன்னால வர்றது தெரியாது. தாண்டிப் போன ரோடுதான் தெரியும்' என்றான்.

சரக்கு வண்டியின் பின்னால் ஆளேற்றக் கூடாது என்பது அங்கும் பொதுவிதி. வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு மட்டும் அந்த விதியிலிருந்து விலக்கு. வன்னியம்பட்டி விலக்கில் நின்றால் லோடு வண்டியில் ஆள் போவதை நானும் பார்க்கிறேன். இங்கே அது சட்டமீறல், அங்கே சட்டமே அதற்கு வழிவிடுகிறது. பயணக்கட்டுரை நம்முடைய மீறலைக் காண்கிறது. அவர்களுடைய விலக்கைக் காண்பதில்லை.

2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில், தொழிலாளர்களை விடுதிக்கு ஏற்றிச்செல்லும் தனியார் பேருந்தில் அடிபட்டுத் தமிழ்த் தொழிலாளி ஒருவர் இறந்தார், கலவரம் மூண்டது. 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2021 ஏப்ரலில், நின்றிருந்த டிப்பர்மீது லாரி மோதி, பின்னால் இருந்த தொழிலாளர் இருவர் இறந்தனர். லாரிப் பயணத்தைத் தடைசெய்யச் சொல்லி 2023இல் கோரிக்கை எழுந்தபோது, சிறு நிறுவனங்கள் தாங்காது, வீடும் பள்ளியும் கட்டுவது தாமதமாகும், செலவு கூடும் என்றது அரசு. வீடு யாருக்கு, செலவு யாருக்கு என்பதை வாசகரே யோசிக்கலாம்.

வண்டியில் யார் எங்கே உட்காருவது என்பது அரசியல்தான். விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரிட்ட போக்குவரத்துக் கழகத்தின் பேருந்தில் ஏற மறுத்தார்கள் ஆதிக்க சாதியினர். கலவரத்துக்குப் பின் எல்லாத் தலைவர்களின் பெயரையும் அரசு எடுத்துவிட்டது. பேருந்து மறுபடி ஓடியது. அதற்கும் ஒழுங்கு என்றுதான் பெயர் வந்தது.

அடுத்த சிங்கப்பூர்க் கட்டுரையை எழுதப்போகிற நண்பர் ஒருநாள் விடியற்காலையில் சிக்னலில் நின்று லாரிகளின் பின்புறத்தைப் பார்த்துவிட்டு எழுதட்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எங்கள் ஊர்க்காரனும் இருப்பான்.