விளக்குத் தண்டுகளுக்குப் பின்

விக்டர் ஹியூகோ 1862-இல் வெளியிட்ட 'லே மிஸெராப்' என்னும் பிரெஞ்சு நாவலைத் தமிழர் பலர் சுத்தானந்த பாரதியாரின் 'ஏழை படும் பாடு' வாயிலாக அறிவர். அதே பெயரில் நாகையா நடித்த தமிழ்த் திரைப்படம் 1950-இல் வந்தது. நம் பிரசங்க மேடைகளிலும் இக்கதைக்கு நிலையான இடமுண்டு. பத்தொன்பது ஆண்டுகள் சிறையிலிருந்த ழான் வல்ஜான், தனக்கு உணவும் படுக்கையும் அளித்த பேராயர் மிரியேலின் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடுகிறான். காவலர் அவனைப் பிடித்துக் கொணர்ந்தபோது, பேராயர் அவை தாம் கொடுத்தவையே என்று கூறி, இரு வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்து அளிக்கிறார். அவன் புது மனிதனாகிறான். இத்துடன் நாம் கதையை முடித்துக்கொள்கிறோம்.

ஹியூகோ முடிக்கவில்லை. அன்று மாலையே வல்ஜான் மறுபடியும் திருடுகிறான். வெட்டவெளியில் பெத்தி ஜெர்வே என்னும் ஏழைச் சிறுவனின் நாற்பது சூ நாணயம் உருண்டு வர, அதன்மேல் காலை வைத்து மறைத்து, கெஞ்சும் பிள்ளையை விரட்டுகிறான். பிறகே தன் செயலைக் கண்டு நடுங்கி, அவனைத் தேடி அலைந்து, பத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாக அழுகிறான். மனந்திரும்புதல் நிகழ்வது மன்னிப்புப் பெற்ற நேரத்திலன்று. பெற்ற மன்னிப்பைத் தான் மீறியதை உணர்ந்த நேரத்தில்.

பில்லி ஆகஸ்ட் இயக்கிய 1998-ஆம் ஆண்டுப் படத்திலும், டாம் ஹூப்பரின் 2012-ஆம் ஆண்டு இசைப்படத்திலும் இச்சிறுவன் இல்லை. முன்னதில், பேராயரின் மன்னிப்பையடுத்துக் கதை பல ஆண்டுகளைத் தாண்டிவிடுகிறது. பின்னதில் வல்ஜானின் உள்ளப் போராட்டம் உருக்கமான பாடலாகிறது. இறுதியில் பேராயர் தோன்றி அவனை வரவேற்பதும் நாவலின் கருத்துக்கு இசைந்ததே. ஆயினும் ஜாவேர் அவனைத் துரத்துவது, விடுதலைச் சீட்டின் நிபந்தனையை மீறியதற்காக. நாவலிலோ, அச்சிறுவனிடம் செய்த திருட்டும் அவன்மேல் குற்றமாக நிற்கிறது. கிருபைக்குப் பின் செய்த பாவமே வாழ்நாளெல்லாம் அவனைத் தொடர்கிறது. திரைப்படத்தில் அவன் அநீதியான சட்டத்திற்கு இரையானவன் மட்டுமே. நாவலில் அவன் நம்மைப் போன்றவன்.

நீண்ட நாவலைச் சில மணி நேரத்தில் சுருக்குவோர் எதையேனும் விடவேண்டியதே. ஆனால் இதை விடுவதால் கிருபை ஒரே வீச்சில் வேலையை முடித்துவிடும் மந்திரம் போலாகிறது. திருமுழுக்குப் பெற்றபின் வீழ்ந்தோரும், திருவிருந்து பெற்ற வாரத்திலேயே தவறியோரும் நம் சபைகளில் இல்லையா? அவர்களுக்கு இப்படி முடிந்த கதை நற்செய்தியாகாது.

நாம் கவனிக்கவேண்டிய மற்றொன்றும் அங்குண்டு. சிறுவனைத் தேடி ஓடும் வல்ஜான், குதிரையில் வரும் குருவானவர் ஒருவரை எதிர்ப்படுகிறான். ஏழைகளுக்கென்று பணம் கொடுத்து, தான் திருடனென்றும் தன்னைப் பிடித்துக்கொடுக்குமாறும் வேண்டுகிறான். அவரோ அஞ்சிக் குதிரையைத் தட்டிவிட்டு ஓடிவிடுகிறார். அவனது முதல் பாவ அறிக்கையைக் கேட்டவர் அவரே.

பேராயர் மிரியேலைப் பற்றிப் பிரசங்கிப்பது நமக்கு எளிது. அக்குதிரைமேல் இருந்தவர் நாமல்லவா என்று கேட்டுப்பார்ப்பது கடினம். திருப்பணிக்கு ஆயத்தமாகும் மாணவர் இந்நாவலின் அப்பகுதியைப் படித்தபின் திரைப்படத்தைக் காண்பாராக.