எஞ்சின் முக்குது பார்

ஈப்போவுக்குத் தெற்கே, தஞ்சோங் துவாலாங்கில், 1938-இல் உருவான, வெள்ளீயம் தோண்டும் கப்பல் ஒன்று குளத்தில் நிற்கிறது. மலாயில் 'கப்பால் கோரெக்'. 4,500 டன் எடை, 1982-இல் ஓய்ந்தது. வருகிறவர்கள் வாளிச் சங்கிலியை அண்ணாந்து பார்க்கிறார்கள். எனக்கு அதை இழுத்த மின்சாரம்தான் அதிசயம்.

கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களை நம்பித்தான் பேராக் ஆற்றில் செண்டெரோ அணை எழுந்தது. அதன் மின் நிலையம் 1930 முதல் ஓடுகிறது. அங்கே ஆறு ஜெனரேட்டரைச் சுழற்றும். கம்பியின் இந்தக் கோடியில் மோட்டார் சுற்றும். இரண்டின் வயிற்றிலும் செப்புச் சுருளும் காந்தமும்தான். சுற்றிவிட்டால் மின்சாரம், மின்சாரம் விட்டால் சுற்று.

இதில் நான் சொக்கிப்போகும் இடம் ஒன்று உண்டு. ஓடும் மோட்டார் தனக்குள் எதிர் மின்னழுத்தம் ஒன்றை உண்டாக்கிக்கொண்டே ஓடுகிறது. அதாவது, அதுவும் ஒரு ஜெனரேட்டர்தான். வாளி கெட்டிக் களியில் மாட்டினால் வேகம் தளரும், எதிர் மின்னழுத்தம் குறையும், மின்னோட்டம் ஏறும். ஏறிய மின்னோட்டம் தொலைவில் சுழலும் ஜெனரேட்டரைக் காந்தத்தால் பிடித்துப் பின்னுக்கு இழுக்கும். சுழற்சி துளி குறைந்ததுமே கவர்னர் கருவி கூடுதல் தண்ணீரைத் திறக்கும். களியின் பிடிவாதம் ஆற்றுக்கே எட்டிவிடுகிறது!

ரப்பர் தோட்டத்து லயத்தில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் தண்ணீர் பம்பைப் போட்டதும் பல்பு மங்கும், ஜெனரேட்டரின் டீசல் குரல் கனக்கும், பிறகு இரண்டும் மெல்ல நிமிரும்.

"எஞ்சின் முக்குது பார்" என்பார் தாத்தா.