நாற்காலியை வட்டமாகப் போட்டால் போதுமா?

அமெரிக்காவில் ஒரே பெயரில் இரண்டு சர்ச்சுகள். ஒன்று சியாட்டில் நகரத்தில் 1996-ல் ஆரம்பித்தது. மற்றது மிச்சிகன் மாநிலத்து கிராண்ட்வில் சர்ச், ஆரம்பித்தது 1999-ல். இரண்டுக்கும் பெயர் மார்ஸ் ஹில். நிர்வாகம் வேறு, ஆட்கள் வேறு. பெயர்க் காரணம் மட்டும் ஒன்றே.

பைபிளில், அப்போஸ்தலர் நடபடிகள் பதினேழாம் அதிகாரத்தில், பவுல் ஏதென்ஸ் நகரத்து மார்ஸ் மேடையில் நின்று பேசுகிறார். 'உங்க சாமியெல்லாம் பொய்' என்று எடுத்த எடுப்பில் அடிக்கவில்லை. பேர் தெரியாத கடவுளுக்கு அந்த ஊர்க்காரர்கள் கட்டி வைத்திருந்த பலிபீடத்திலிருந்து பேச்சைத் தொடங்குகிறார். அவர்களுடைய கவிஞர்களையே மேற்கோள் காட்டுகிறார். கேட்பவன் நிற்கிற இடத்துக்குப் போய்ப் பேசு என்பது பாடம்.

தொண்ணூறுகளில் இந்தப் பாடம் புராட்டஸ்டன்ட் போதகர்கள் சிலருக்கு மிகவும் தேவைப்பட்டது. இளைஞர்கள் சர்ச்சுக்கு வருவது குறைந்துகொண்டிருந்தது. ஏன் என்று யோசித்தவர்கள் கையில் அகப்பட்ட சொல், பின்நவீனத்துவம். பயந்துவிடாதீர்கள். 'எல்லாத்துக்கும் ஒரே விளக்கம் எங்கிட்ட இருக்கு' என்று யார் சொன்னாலும் சந்தேகப்படு... பிரெஞ்சுத் தத்துவவாதி லியோத்தார் 1979-ல் எழுதிய புத்தகத்தின் சாரம் கிட்டத்தட்ட இவ்வளவுதான். அப்படிச் சந்தேகப்படும் பையனிடம் மர பெஞ்சும், ஆர்கனும், மூன்று பாயின்ட் பிரசங்கமும் எடுபடுமா?

எனவே மெழுகுவத்தி, சோபா, காபி, கிடார். பிரசங்கத்துக்குப் பதில் உரையாடல். இதற்கு 'எமர்ஜிங் சர்ச்' என்று பெயர் வந்தது. பிரையன் மெக்லாரன் 2001-ல் எழுதிய 'எ நியூ கைண்ட் ஆஃப் கிறிஸ்டியன்', ஒரு போதகரும் ஒரு சயன்ஸ் வாத்தியாரும் பேசிக்கொள்வதுபோல் கதையாகவே எழுதப்பட்டது. 2004-ல் இங்கிலாந்து திருச்சபையே ஓர் அறிக்கை போட்டு, காபிக் கடையில் கூடுவதும் சபைதான் என்று ஒப்புக்கொண்டது.

கிராண்ட்வில் மார்ஸ் ஹில் ஒரு பழைய ஷாப்பிங் மாலுக்குள் நடந்தது. நடுவில் மேடை, சுற்றிலும் நாற்காலி. நிறுவனர் ராப் பெல், ஆரம்பித்த உடனேயே லேவியராகமத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் பிரசங்கம் செய்தார். பலி ஆட்டு விவரங்கள் நிறைந்த அந்தப் புத்தகத்துக்குக் கூட்டம் சேர்ப்பது லேசான காரியமில்லை. 2011-ல் 'லவ் வின்ஸ்' எழுதினார். நரகம் நிரந்தரம்தானா என்று கேட்டார். டைம் பத்திரிகை அட்டையில் போட்டு விவாதித்தது. புத்தகம் கடைக்கு வருமுன்பே ஒரு பிரபல போதகர் ட்விட்டரில் மூன்றே சொல்லில் அவருக்கு விடைகொடுத்துவிட்டார்!

நரகத்தைப் பற்றி இத்தனை சத்தம். அதே பெயருள்ள சியாட்டில் சபையில் நடந்ததற்கு அப்போது இந்த அளவு சத்தம் இல்லை.

அங்கே மார்க் டிரிஸ்கால் இதே எமர்ஜிங் கூட்டத்தில் ஆரம்பித்து, பிறகு அவர்களைத் திட்டிக்கொண்டே கறாரான கால்வினியப் பக்கம் போனவர். ஜீன்ஸும் ராக் இசையும் மட்டும் அப்படியே இருந்தன. 2007-ல் சபை விதிகளை மாற்றி அதிகாரத்தைச் சிலர் கையில் குவித்தார்கள். எதிர்த்த இரண்டு மூப்பர்களை வேலைநீக்கம் செய்தார்கள். அதற்குப் பின் சபை ஐந்து மாநிலங்களில் 15 கிளைகள்வரை வளர்ந்தது. டிரிஸ்காலின் திருமணப் புத்தகத்தை பெஸ்ட் செல்லர் பட்டியலில் ஏற்ற ஒரு கம்பெனிக்கு சபைப் பணம் 2 லட்சம் டாலருக்கு மேல் போனது 2014-ல் வெளியே வந்தது. அதட்டல், மிரட்டல் புகார்களும் சேர்ந்துகொள்ள, அந்த அக்டோபரில் ராஜினாமா செய்தார். வருஷக் கடைசியில் சபை கலைந்தது. கிளைகளில் சில தனிச் சபைகளாகப் பிழைத்தன.

'பழமைவாதிகள் அப்படித்தான்' என்று தள்ளிவிட முடியாது. நேர் எதிர்ப்பக்கமும் உதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1986-ல் தொடங்கிய 'நைன் ஓ'க்ளாக் சர்வீஸ்'. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு டிஸ்கோ விளக்குகள், வீடியோத் திரை, சுற்றுச்சூழல் பேசும் இறையியல். இளைஞர்கள் குவிந்ததைப் பார்த்துப் பேராயர்கள் பூரித்தார்கள். தலைவர் கிறிஸ் பிரெய்னுக்கு அவசர அவசரமாகக் குருப்பட்டம் கொடுத்தார்கள். 1995-ல் பெண்களின் புகார்கள் வெளியாகி எல்லாம் சரிந்தது. முப்பது வருஷம் கழித்து, 2025 ஆகஸ்டில், 17 பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி என்று லண்டனில் தீர்ப்பு வந்தது. இருபதுகளில் இருந்த பெண்கள் ஐம்பதுகளில் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

என் புகார் இதுதான். இந்தப் புதிய சபைகளில் பல எதையும் சந்தேகிக்கலாம் என்றன. நரகம், படைப்பு, வேதவசனம் எல்லாவற்றையும். மைக் பிடித்த ஆளைத் தவிர. 1520-ல் லூத்தர், விசுவாசிகள் எல்லாருமே குருக்கள்தான் என்று எழுதினார். புராட்டஸ்டன்ட் மதத்தின் அஸ்திவாரம் அது. ரோமில் இருந்த ஒரு போப்பை மறுத்துவிட்டு ஊருக்கு ஒரு குட்டிப் போப்பை உட்கார வைத்தால் லாபம் என்ன? பழைய கள், புது மொந்தை.

விதிவிலக்கு உண்டு. டென்வரில் உடம்பெல்லாம் பச்சை குத்திய நாடியா போல்ஸ் வெபர் என்ற பெண் போதகர் 2008-ல் ஆரம்பித்த சபை. அங்கேயும் வட்ட நாற்காலிதான். ஆனால் வழிபாட்டின் பகுதிகளைச் சபையாரே உட்கார்ந்த இடத்திலிருந்து வாசித்தார்கள். லூத்தரன் சபையின் பழைய விதிகளுக்கும் பேராயருக்கும் அவர் கட்டுப்பட்டவர். 2018-ல் விலகினார். சபை நின்றுவிடவில்லை. மேலே பேராயர் இருந்தால் போதும் என்று சொல்ல மாட்டேன், ஷெஃபீல்டிலும் இருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்து மயங்காத பேராயர் வேண்டும்.

எந்தப் புதுச் சபைக்கும் நான் ஒரே கேள்விதான் வைப்பேன். 'ஐயா, நீங்க செய்றது தப்பு' என்று சொன்னவர், அடுத்த ஞாயிறும் அதே நாற்காலியில் வந்து உட்கார முடியுமா?

கடைசியாக ஒன்று. மார்ஸ் மேடை என்பது ஏதென்ஸின் மூத்த நீதிசபைக்கும் பெயர். பவுலை அங்கே கூட்டிப் போனதே கேள்வி கேட்பதற்குத்தான். சிலர் சிரித்தார்கள். சிலர், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். கொஞ்சம் பேர்தான் அவரோடு சேர்ந்தார்கள். பேசி முடித்தவர் கொரிந்துவுக்கு நடையைக் கட்டினார்.

இரண்டு சர்ச்சும் அந்தப் பெயரை வைத்தபோது பேச்சைத்தான் நினைத்திருக்க வேண்டும். சியாட்டில்காரர்கள் விசாரணையையும் ஞாபகம் வைத்திருக்கலாம்.