கமகமும் கரணமும்: சென்னைச் சிற்றரங்குகளில் தனிப் பியானோ இசையை மதிப்பிடுதல்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் சிற்றரங்குகளில் பியானோ தனித்து ஒலிக்கும்போது, அதைக் கேட்க வருவோரில் பலர் கருநாடக இசையில் செவி பழகியவர்கள். அவர்களுடைய முதல் வினா பெரும்பாலும் கமகம் பற்றியதாகவே அமைகிறது. சுத்தியல் தட்டி எழுப்பிய ஒலியைப் பின்னர் வளைக்கவோ அசைக்கவோ பியானோவில் வழியில்லை. எனவே தோடியின் காந்தாரமும் சகானாவின் பிடிகளும் அதில் கிட்டா. இது மறுக்க முடியாத உண்மை. ஆயினும் திறனாய்வு இந்த இடத்திலேயே நின்றுவிடுவது ஏற்புடையதன்று.

கமகமின்மை என்னும் குறையோடு சுருதிப் பிழை என்னும் குறையும் சேர்த்துச் சொல்லப்படுவதுண்டு. பியானோவின் பன்னிரு சுரங்களும் சம இடைவெளியில் அமைந்தவை என்பதால் அவை நம் இசைக்கு அயலானவை என்பது அவ்வாதம். தமிழிசை ஆய்வாளர் இதை எளிதில் ஏற்க இயலாது. ஆபிரகாம் பண்டிதர் 1916இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டில் முன்வைத்ததும், 1917இல் கருணாமிர்த சாகரத்தில் விரித்துரைத்ததும் 22 சுருதிக் கொள்கைக்கு மறுப்பேயாகும். ஒரு தாயியைச் சம அளவுடைய 12 பகுதிகளாகவும், மேலும் நுணுகி 24 பகுதிகளாகவும் கொள்வதே பழந்தமிழ் முறை என்று அவர் நிறுவ முயன்றார். அவர் முடிவை ஏற்பதும் மறுப்பதும் வேறு செய்தி. சமப்பகுப்பு என்ற ஒன்றைக் காட்டி மட்டும் பியானோவை விலக்குவோர் பண்டிதருக்கும் விடை சொல்லியாக வேண்டும்.

ஆர்மோனியத்தின் மீதிருந்த ஐயமும் பியானோவின் மீது படிந்துள்ளது. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியபோது கூறப்பட்ட காரணங்களுள் நிலைத்த சுரமும் கமகமின்மையும் முதன்மையானவை. ஆனால் இவ்விரு கருவிகளையும் கட்டை என்னும் ஒற்றுமை கொண்டு ஓரினமாக்குவது பிழை. துருத்திக் காற்று உள்ளவரை ஆர்மோனியத்தின் ஒலி குறையாது நீடிக்கும். பியானோவின் ஒலியோ பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்குகிறது. அதன் அழகியல் இத்தேய்விலேயே உள்ளது. சிற்றரங்கின் தேவையும் இதனாலேயே எழுகிறது. ஒலிபெருக்கி இல்லாமல் சில பத்துப் பேர் அருகிருந்து கேட்கும் இடத்தில்தான் ஒரு சுரம் அடங்கும் விதத்தைச் செவி முழுமையாகப் பின்தொடர முடியும். (நம் சபாக்களில் ஒலிபெருக்கி இயல்பாகிவிட்டதால் இப்பயிற்சி அருகிவிட்டது என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும்.)

இவ்விடத்தில் யாழ் நினைவுக்கு வருகிறது. பேரியாழுக்கு 21, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என உரையாசிரியர்கள் நரம்புகளைக் கணக்கிட்டனர். விபுலாநந்தர் 1947இல் வெளியான யாழ் நூலில் அவ்வமைப்பை மீட்டுருவாக்க முனைந்தார். ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்பது யாழின் அடிப்படை. பெரிய பியானோவின் மூடியைத் திறந்தால் தெரிவதும் படுத்த நிலையிலுள்ள ஒரு வில்யாழ் வடிவமே. வரலாற்று உறவு எதையும் இங்குக் கோரவில்லை. கருதத்தக்கது கலைச்சொல் மட்டுமே. கானல்வரி, யாழிசைப்போர் கைத்தொழிலை எட்டு இசைக்கரணங்களாக வகுக்கிறது. அவற்றுள் உறழ்தல் என்பதற்கு ஒன்றும் இரண்டும் இடையிட்ட நரம்புகளை ஆராய்தல் என்று உரை பொருள் கூறும். பியானோவில் ஒரு சுரம் விட்டு ஒரு சுரமாக அடுக்கும் இசைவை விளக்கத் தமிழில் சொல்லில்லை என்போர் இக்கரணத்தைக் கருதிப் பார்க்கலாம். தொடுதலின் நுட்பங்களுக்கு இவ்வளவு பெயர்களை வைத்திருந்த மொழியில் பியானோக் கச்சேரிக்கு ‘இனிமையாக இருந்தது’ என்பதற்கு மேல் எழுத முடியாமற் போவது வருந்தத்தக்கது.

சென்னையில் இக்கருவியைக் கருநாடக இசையோடு இணைத்தவர்களுள் அனில் சீனிவாசன் குறிப்பிடத்தக்கவர். சிக்கில் குருசரணுடன் அவர் நிகழ்த்திய இசையில் கமகம் முழுவதும் குரலின் பொறுப்பு. பியானோ குரலைப் போலி செய்யாமல் அதற்குச் சூழலமைத்தது. அம்முறையின் வலிமை இப்பங்கீட்டில் உள்ளது. குரல் விலகித் தனிப் பியானோவாக மாறும்போது இப்பங்கீடு குலைகிறது. உருப்படியின் சாகித்தியமும் இல்லாமற் போகிறது. அந்த வெற்றிடத்தை விரைந்த சுர அடுக்குகளால் நிரப்பும் வழக்கம் பொதுவாகவே காணப்படுகிறது. இராகத்தைப் பியானோவில் தனித்து வாசிப்போரின் உண்மையான குறை இதுவேயன்றிக் கமகமின்மையன்று. அசைக்க முடியாத சுரத்தை நிறுத்தவாவது செய்யலாம். அத்துணிவு அரிதாகவே காணப்படுகிறது.

கமகம் தேவைப்படாத பகுதி நம் மரபிலேயே உண்டு. முத்துசாமி தீட்சிதரின் நோட்டுசுவரப் பாடல்கள் ஐரோப்பிய மெட்டுகளில் அமைந்தவை. சங்கராபரணத்தின் சுரங்களை அசைவின்றி நேராக நிறுத்துபவை. அ. மு. சின்னசாமி முதலியார் 1893இல் தம் நூலில் கீர்த்தனைகளை ஐரோப்பியக் கோட்டுக் குறியீட்டில் பதிப்பித்தார். அப்பக்கங்களைப் பியானோ வாசிப்பவர் நேரே படித்துவிட முடியும். இவ்விரண்டையும் தனிப் பியானோவுக்குரிய மூலங்களாகக் கொண்டு ஆராயலாம். ஆனால் மேடையில் முதலிடம் பெறுவன அம்சத்வனி, மோகனம் போன்ற பழகிய இராகங்களே.

பாக், சோபின் ஆகியோரை வாசிக்கும் நிகழ்வுகளில் வேறொரு சிக்கல் எழுகிறது. ஆலாபனை முடிந்ததும் கைதட்டிப் பழகிய அவையினர், பல பகுதிகளாலான படைப்பின் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கைதட்டுகின்றனர். இதை அறியாமை என்று இகழ்வது எளிது. அது இன்னோர் இசைமரபின் முறையான மறுமொழி. அதில் பெரிய இழப்பில்லை. இழப்பு நேர்வது இறுதிச் சுரத்தில். மிதியிலிருந்து வாசிப்பவரின் கால் இன்னும் எழாமல், நரம்பு அதிர்ந்துகொண்டிருக்கும் சில நொடிகளில் கைதட்டல் முந்திக்கொள்கிறது.